மஸ்கெலியாவில் பிறந்தவளுக்குக் கடல் ஆய்வில் இடம் இருக்கிறதா?

#1 மவுசாக்கலைப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுதான் என் ஊர். இப்போது பேராதனையில் விஞ்ஞான பீடம், இரண்டாம் வருஷம். சீக்கிரம் சிறப்புப் பட்டத்துக்குத் துறை எடுக்க வேண்டும். கரையோரக் கடற்சூழலியலில் ஆய்வு செய்ய ஆசை.

ஆசை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் வகுப்போடு புத்தளம் களப்புக்குப் போனோம். கண்டல் மரத்தடியில் முழங்கால் அளவு சேற்றில் நின்றேன். தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மரத்தில் ஒரு சின்ன நத்தை. தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறியது. பஸ்ஸுக்குக் கூப்பிடும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு உயரம் ஏறினால் போதும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? திரும்பி வந்ததில் இருந்து வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை.

பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "மலைநாட்டுப் பிள்ளை, தேயிலை மண்ணில் ஏதாவது செய்யலாமே, கடல் எதற்கு?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் அது தைத்துவிட்டது. எனக்கு நீந்தத் தெரியாது. கரையோரத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து எடுக்கிறார். படித்து முடித்ததும் வீட்டுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். முதுமாணி, பீஎச்டி, போஸ்ட்டொக் என்கிறார்களே, அந்த வழி எங்கே போகிறது, இடையில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பொகவந்தலாவை அக்கா

தங்கச்சி, உங்கள் கேள்வியை வேலைக்குப் போகும் வழியில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டேன். நானும் தோட்டத்துப் பிள்ளைதான். மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்தின் மீன்பிடி, கடல் விஞ்ஞான பீடத்தில் படித்தேன். இப்போது ஜெர்மனியில் போஸ்ட்டொக், அதாவது பீஎச்டிக்குப் பிந்திய ஆய்வு வேலை, கடற்புல் படுக்கைகளில். நான் நீந்தக் கற்றது இருபத்து நான்கு வயதில். ஆழமில்லாத களப்பிலும் கண்டலிலும் சேற்றுத் தரையிலும் செய்கிற ஆய்வுக்கு முக்குளிப்பே தேவையில்லை. முருகைக்கற்பாறைக்குப் போவதென்றால்தான் அந்தப் பயிற்சி வேண்டும். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பெரியவருக்கு ஒரு பதில் இருக்கிறது. உங்கள் மஸ்கெலியா ஓயாவும் எங்கள் பக்கத்துக் கெஹெல்கமு ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. சுமார் 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிப் பக்கம் கடலில் விழுகிறது. நாரா என்று சொல்கிறோமே, தேசிய நீரியல் வளங்கள் ஆராய்ச்சி நிறுவனம், அது இருப்பது மட்டக்குளியில் காக்கைத்தீவில், ஆற்றின் வாய்க்குப் பக்கத்திலேயே. அம்மா கொழுந்து எடுக்கிற மலையில் பெய்த மழை, நாட்டின் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பக்கத்தில்தான் போய்க் கடலில் கலக்கிறது. அந்தத் தண்ணீரின் மேல்பாதியை அறிந்தவர் நீங்கள்.

இன்னும் சொல்கிறேன். மவுசாக்கலையில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியா நகரத்துக் கோயில் வெளியே தெரியுமே, பார்த்திருப்பீர்கள். அந்த நீர்த்தேக்கத்தின் அடியில் சேறும் மணலும் தங்குகிறது. கீழே ஆற்றிலும் மணல் அள்ளுகிறார்கள். கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டிய மணல் குறைகிறது. நீர்கொழும்பு, மாறவில பக்கம் கரை அரிப்புக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் உரத்தில் இருந்து கரைந்து வருகிற நைத்திரேற்று மணல் மாதிரி அடியில் தங்கிவிடாது. மணல் மேலே நிற்கிறது, உரத்தில் ஒரு பங்கு கீழே போகிறது. கழிமுகத்தில் வாழ்கிற நுண்பாசிக்கும் புழுவுக்கும் நண்டுக்கும் அதனால் என்ன ஆகிறது? இதைப் பிடித்துக்கொண்டே ஒரு பீஎச்டி செய்யலாம்.

#3 கல்லடிப் பாலம்

மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன், அப்பா தோணிக்காரர். அக்கா சொன்னதோடு களவேலை பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

நம் நாட்டில் வற்றுப்பெருக்கில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஐரோப்பியப் பாடநூலில் பாறைக்கரையை மேல் வலயம், நடு வலயம், கீழ் வலயம் என்று அகலமாகப் பிரித்துப் படம் போட்டிருப்பார்கள். அதே படத்தை நம் கரையில் தேடிப் போனால் ஏமாற்றம்தான். எல்லாம் ஒரு சாண், இரண்டு சாண் உயரத்துக்குள் நெருங்கிக் கிடக்கும். தங்கச்சி பார்த்த நத்தையின் உலகமும் அவ்வளவுதான்.

அப்புறம் பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும், எங்கள் பக்கம் அமைதியாக இருக்கும். மார்கழி, தையில் நிலைமை தலைகீழ். ஆய்வுத் திட்டம் எழுதும்போது இதைப் பார்க்காமல் மாதம் போட்டுவிட்டுத் தவித்தவர்களை நான் அறிவேன். நானும் அதில் ஒருவன், இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

கருவி என்று பயப்பட வேண்டாம். பிவிசி குழாயை வெட்டி அரை மீற்றருக்கு அரை மீற்றர் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். கயிற்றில் ஐந்து மீற்றருக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கு முடிச்சு சட்டத்தைச் சேற்றில் வைத்து, உள்ளே எத்தனை நண்டு வளை, எத்தனை நத்தை, எத்தனை மூச்சுவேர் என்று எண்ணுங்கள். போனதும் எண்ணக்கூடாது. நண்டெல்லாம் உள்ளே ஓடியிருக்கும். பத்து நிமிஷம் அசையாமல் நில்லுங்கள், ஒவ்வொன்றாக வெளியே வரும். சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். கீழே ஒட்சிசன் இல்லாத மண்ணில் பக்ரீரியா வேலை செய்கிற வாசம் அது. மூன்றாம் நாள் மூக்குக்குப் பழகிவிடும்.

நெஞ்சில் கேள்வி இருந்தால் மட்டக்களப்புக்கு வாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் தங்கைமாரும் இருக்கிறார்கள், தங்கிக்கொள்ளலாம்.

#4 பண்டாரவளை அப்பா

பிள்ளைகள் பேசுகிற இடத்தில் நான் எழுதுவது சரியோ தெரியவில்லை. என் மகளுக்குப் பதுளை ஊவா வெல்லஸ்ஸவில் நீரியல் வளத் தொழில்நுட்பம் கிடைத்திருக்கிறது. உறவுக்காரர்கள் "மீன் விற்கவா பிள்ளையைப் படிக்க வைக்கிறாய்" என்று கேட்கிறார்கள். மகள் அழுகிறாள். தோட்டத்தில் 2024-இல்தான் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதில் ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

#5 பதுளைத் தம்பி

ஐயா, நீங்கள் எழுதியது ரொம்ப நல்லது. நான் அதே பட்டம் முடித்தவன். உண்மையைச் சொல்கிறேன். நாரா, நக்டா என்கிற நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபை, மீன்பிடித் திணைக்களம், கடல்சூழல் பாதுகாப்பு அதிகார சபை, கரையோரம் பேணல் திணைக்களம் எல்லாவற்றிலும் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு. ஆனால் அரசாங்க வேலை மெதுவாகத்தான் வரும், வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். தனியார் பக்கம் புத்தளம் இறால் பண்ணை, வடக்கில் கடலட்டைப் பண்ணை, மீன் ஏற்றுமதிக் கம்பனிகளின் தரப் பரிசோதனை. நான் இப்போது பார்ப்பது அந்தக் கடைசி வகை வேலை. சம்பளம் போதும், வீட்டுக்கும் அனுப்புகிறேன்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து, ஜூனில் மூழ்கியது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. கரை முழுக்கப் பனி பெய்தது மாதிரி வெள்ளை. அந்த நேரத்தில் மணலைச் சலித்து எண்ணவும், செத்த மீனை வெட்டிப் பார்க்கவும், அதை எழுத்தில் நிறுவவும் படித்த ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள். அந்த வேலையை யாரும் மீன் விற்கிற வேலை என்று சொல்லவில்லை. மீன் விற்பதும் நல்ல தொழில்தான், ஐயா.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்றாம் வருஷத்தில் நான் ஏமாந்தேன். கடல் பாதுகாப்புப் பயிற்சி, சான்றிதழ் தருவோம் என்று ஒன்லைனில் ஒரு அமைப்பு அழைத்தது. கடன் வாங்கிப் பணம் கட்டினேன். மூன்று வாரமும் வெளிநாட்டு விருந்தினருக்குச் சாமான் தூக்கினேன், ஒரு மாதிரி கூட எடுக்கவில்லை. அன்றில் இருந்து எனக்கு ஒரே கேள்விதான்: இந்த வேலையில் வருகிற தரவு யாருக்குப் போகிறது, அதில் என் பெயர் இருக்குமா? அதற்குப் பதில் சொல்லாமல் கட்டணம் மட்டும் கேட்கிற இடத்துக்குப் போகாதீர்கள். பட்டத்துக்குள்ளேயே தொழிற்பயிற்சிக் காலம் உண்டு. நாராவுக்கோ நக்டாவுக்கோ பல்கலைக்கழகம் ஊடாகக் கடிதம் போட்டால் அங்கேயே செய்யலாம்.

#6 பூண்டுலோயா மாஸ்டர்

நாற்பது வருஷம் உயிரியல் படிப்பித்தவன் எழுதுகிறேன். பண்டாரவளைத் தகப்பனாருக்கு: மகாபொல புலமைப்பரிசில் படிவத்தைக் காலதாமதம் இல்லாமல் நிரப்பச் சொல்லுங்கள். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. கேட்காமல் விட்டுவிடுகிற பிள்ளைகள் நிறைய. பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதற்கு அத்தாட்சி வேண்டும், தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் எதற்கு என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டார்களாம். நம் பாட்டன் பூட்டன் கடலைத் தாண்டித் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துதான் இந்த மலைக்கு வந்தார்கள். 2023-இல் அந்த இருநூறு வருஷத்தை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்களே, நானும் கடைசி இரண்டு நாள் கூட நடந்தேன். கடல் நமக்கு அந்நியம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

பாடத்துக்கு வருகிறேன். விலாங்கு மீன் எல்லோருக்கும் தெரியும். நம் ஓடைகளில் பாறை இடுக்கில் இருக்கும், வழுக்கிக்கொண்டு ஓடும். அது பிறப்பது கடலில். குஞ்சு ஆற்று வழியே ஏறி வந்து, இங்கே பல வருஷம் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்புகிறது. ஆற்றுக்குக் குறுக்கே அணை வந்தால் அதன் வழி என்ன ஆகும்? உங்கள் ஓயாவில் விலாங்கை இப்போதும் பார்க்கிறார்களா, கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று லயத்து வயசாளிகளிடம் கேட்டு எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

#7 பதுளைத் தம்பி

மாஸ்டர் சொன்னதும் எங்கள் பக்கத்து ஆறு ஞாபகம் வந்தது. உமா ஓயா மகாவலியில் சேர்கிற ஆறு. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கொட்டியாரக்குடாவில் விழுகிறது. 2024 ஏப்ரலில் உமா ஓயாத் திட்டம் திறந்த பிறகு, அதன் தண்ணீரில் ஒரு பங்கு சுரங்கம் வழியாகக் கிரிந்தி ஓயாவுக்குப் போகிறது. கிழக்குக் கடலுக்குப் போன தண்ணீர் இப்போது தெற்குக் கடல் பக்கம் திரும்புகிறது. இரண்டு கழிமுகத்திலும் உப்பு மாறும், சேறு மாறும், மீன் மாறும். மாற்றம் தொடங்கிய முதல் வருஷங்களில் அளந்து வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். பண்டாரவளை ஐயாவின் மகள் இதை எடுக்கலாம்.

#8 மவுசாக்கலைப் பிள்ளை

மாஸ்டர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தன் சின்ன வயதில் ஓயாவில் கை நீளத்துக்கு விலாங்கு பிடித்ததாகச் சொன்னார். நான் ஒன்று கூடப் பார்த்ததில்லை.

அக்கா, பட்டத்துக்குப் பிறகு பணம் எப்படி? அதைச் சொல்லுங்கள்.

#9 பொகவந்தலாவை அக்கா

சரி, நானும் நண்பர்களும் போன வழிகளைச் சொல்கிறேன். பட்டம் முடிந்ததும் உள்ளூரில் ஆய்வு உதவியாளர் வேலை தேடுங்கள். தேசிய விஞ்ஞான மன்ற நிதியில் நடக்கிற திட்டங்களில் மாதச் சம்பளத்தோடு ஆள் எடுப்பார்கள், சேர்ந்தால் முதுமாணி ஆய்வுப் பட்டத்துக்கும் பதியலாம். பேராதனையிலேயே விஞ்ஞான முதுகலை நிறுவகம் இருக்கிறது. எனக்கு அந்த இரண்டு வருஷம்தான் கைகொடுத்தது. வீட்டுக்கும் அனுப்பினேன், வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு அனுபவமும் சேர்ந்தது.

அந்த அனுபவம் ஏன் முக்கியம் என்றால், ஜெர்மனியின் டாட் (DAAD) என்கிற கல்விப் பரிமாற்ற அமைப்பு அபிவிருத்தி சார்ந்த முதுமாணிப் படிப்புகளுக்குத் தருகிற புலமைப்பரிசிலுக்குப் பட்டத்துக்குப் பின் பொதுவாக இரண்டு வருஷ வேலை கேட்பார்கள். பிரேமன் பல்கலைக்கழகத்தின் ஐசாடெக் வெப்பமண்டல நீர்ச்சூழலியலுக்கென்றே உள்ள படிப்பு. ஐரோப்பாவில் இன்னொன்று இம்பிரசீ (IMBRSea), கடல் உயிர் வளங்கள் பற்றிய முதுமாணிப் படிப்பு, பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மாறி மாறிப் படிக்கலாம். எராஸ்மஸ் முண்டுஸ் உதவி கிடைத்தால் மாதம் 1,400 யூரோ. பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில். தமிழ்ச் சூழலிலேயே இருக்க விரும்பினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்தில் இருக்கிறது. இந்திய அரசின் ஐசிசிஆர் உதவித்தொகைகளைப் பாருங்கள்.

ஒன்லைனில் தேடும்போது அமெரிக்காவின் ஆர்ஈயூ கோடைக்கால ஆய்வு இடங்கள் நிறைய வரும். அவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் மட்டும். நான் நான்கு விண்ணப்பம் எழுதிய பிறகுதான் அந்த வரியைப் படித்தேன். ஸ்மித்சோனியன் அமைப்பின் ஆய்வு உதவித்தொகைகள் வெளிநாட்டவருக்கும் திறந்தவை, பட்டதாரி மாணவருக்குப் பத்து வாரம், பீஎச்டி மாணவருக்கும் முடித்தவருக்கும் அதைவிட நீண்டது.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது தனிக் கலை. "உங்கள் ஆய்வுகளில் மிகுந்த ஆர்வம் உண்டு" என்று தொடங்கினால் அழித்துவிடுவார்கள். நான் எழுதியதன் முதல் வரி கிட்டத்தட்ட இப்படி: "உங்கள் கட்டுரையில் கடற்புல் மீது படியும் சேறு எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லை. அந்தச் சேறு புறப்படுகிற மலையில் பிறந்தவள் நான்." மறுநாளே பதில் வந்தது.

#10 ஹந்தானை வாசி

கண்டியில் பீஎச்டி முடிக்கப்போகிறேன், கண்டல் மீளமைப்புத்தான் தலைப்பு. போஸ்ட்டொக் பற்றி அக்காவிடம் கேட்க வேண்டும். என் வயது முப்பத்தாறு. பிந்திவிட்டதா?

தங்கச்சிக்கு என் துறையில் இருந்து ஒரு உண்மை: சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்கக் கண்டல் நட்டார்கள். அவற்றில் 23 இடங்களை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. ஆயிரம் ஹெக்டயருக்கு மேல் நட்டதில் தப்பியது இருநூற்றுச் சொச்சம்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்று கூட மிஞ்சவில்லை. தவறான மட்டத்தில், தவறான இனத்தை நட்டு, பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் நத்தைக்குத் தெரிந்த உயரக்கணக்கு நட்டவர்களுக்குத் தெரியவில்லை. நான் போய் நிற்கிற இடங்களில் இப்போதும் காய்ந்த குச்சிகள் வரிசையாக நிற்கின்றன. அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.

#11 பொகவந்தலாவை அக்கா

அண்ணா, பிந்தவே இல்லை. ஐரோப்பாவின் மேரி கியூரி போஸ்ட்டொக் உதவிக்கு வயது எல்லை கிடையாது. பீஎச்டிக்குப் பிந்திய ஆய்வு அனுபவம் 8 வருஷத்துக்குள் இருக்க வேண்டும், போகிற நாட்டில் கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. முடிவுத் திகதி வழக்கமாக செப்டெம்பர். உங்களை ஏற்கிற ஆய்வகத்தோடு சேர்ந்து எழுத வேண்டியது, ஆகவே தைமாதமே பேச்சைத் தொடங்குங்கள். ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் போஸ்ட்டொக் உதவி, பீஎச்டி பெற்று 6 வருஷத்துக்குள் உள்ளவர்களுக்கு. குடும்பத்தை விட்டு அவ்வளவு காலம் போக முடியாதென்றால் போகோ-ஸ்கோர் உதவியைப் பாருங்கள், வளரும் நாட்டு ஆய்வாளர் ஒன்று முதல் மூன்று மாதம் வேறொரு கடல் ஆய்வகத்தில் இருந்து ஒரு முறையைக் கற்றுவரலாம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். போஸ்ட்டொக் என்பது ஒப்பந்த வேலை, ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அடுத்தது என்ன என்ற கவலை. என் அப்பா இறந்தபோது விமானம் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போகிறவர்கள் அதையும் நினைத்துக்கொண்டு போங்கள்.

#12 பண்டாரவளை அப்பா

எல்லாவற்றையும் மகளும் நானும் சேர்ந்து படித்தோம். வருகிற திங்கள் பதிவுக்குப் போகிறோம். மாஸ்டர் சொன்ன கடிதத்துக்குத் தோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

#13 மவுசாக்கலைப் பிள்ளை

நேற்று நல்ல மழை. நின்றதும் ஓயாவில் இறங்கி மூன்று போத்தல் தண்ணீர் எடுத்தேன், தேநீர் நிறத்தில் இருந்தது. வடிதாளில் வடித்து அடுப்பு மேலே காயவைத்தேன். சேறு நன்றாகத் தெரிகிறது. அப்பா தொழிற்சாலைத் தராசில் வைத்துப் பார்த்தார், முள் அசையவே இல்லை.

#14 கல்லடிப் பாலம்

மில்லிகிராம் காட்டுகிற தராசு வேண்டும், உங்கள் துறையிலேயே இருக்கும். வடிதாளை முதலில் வெறுமனே நிறுத்து எழுதிவிட்டுத்தான் வடிக்க வேண்டும். பிறகு 105 பாகை செல்சியசில் உலர்த்தி மறுபடி நிறுங்கள். இந்த மூன்று தாளையும் எறிய வேண்டாம், திகதியும் மழை நின்ற நேரமும் எழுதி உறையில் போட்டு வையுங்கள்.

#15 மவுசாக்கலைப் பிள்ளை

வெறுந்தாளை நிறுக்கவில்லை, அடுத்த மழைக்குச் செய்கிறேன். சனிக்கிழமை அப்பாவும் நானும் முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து களனி கங்கை கடலில் விழுகிற முகத்துவாரம் போகிறோம். அதே அளவுப் போத்தல் மூன்று எடுத்து வைத்திருக்கிறேன். அப்பா கடலைப் பார்த்து பதினைந்து வருஷம் ஆகிறதாம், சட்டை இஸ்திரி போட்டுவிட்டார்.

#16 கல்லடிப் பாலம்

பிற்பகலில் காற்று எழும்பும், முடிந்த மட்டும் மத்தியானத்துக்கு முன் எடுங்கள். ஒவ்வொரு போத்தலையும் அந்த இடத்துத் தண்ணீரால் மூன்று தரம் அலசிவிட்டு நிரப்புங்கள். கல் வழுக்கும், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குனியுங்கள்.